எல்லாரிடமும் இருந்த சாவி

அந்த வீட்டில் இஸ்திரி போடுவது கணவரின் வேலை. டாக்ஸி ஓட்டுகிறவர். காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும், வண்டியையும் இப்படித்தான் வைத்திருப்பான் என்று சவாரிக்காரர்கள் நினைப்பார்கள் என்பது அவர் கட்சி. மனைவி தேய்த்தால் சட்டைக் கையில் இரட்டைக் கோடு விழுகிறதாம். அன்று காலை, சங்கக் கூட்டத்துக்கான வெள்ளைச் சட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மேசையின் மறுகோடியில் அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். படக்கென்று ஃபியூஸ் போயிற்று. பாட்டரி செத்து மாதக்கணக்கான கணினியும் அணைந்தது.

"வந்துட்டாரு மின்சார மந்திரி," என்றாள்.

"என்னைச் சொல்லு. உன் பொட்டி மட்டும் சுவத்துல தொங்காம ஒரு நிமிஷம் உயிரோட இருக்குமா?"

ஐந்து நிமிடத்தில் ஃபியூஸைப் போட்டுக் கொடுத்து, சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுச் சவாரிக்குப் போனார். அவள் கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, என்டரை அழுத்தினாள். நடந்தது அவ்வளவுதான்.

இருபது வருடம் டைப்பிங் கடையில் மற்றவர்களின் மனுக்களைத் தட்டியவள். கடை மூடிய பிறகு, நாற்பத்தொரு வயதில், வீட்டிலேயே உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். டாக்ஸி ஸ்டாண்டில் அவளுக்கு இன்றும் 'டைப்பிஸ்ட்' என்றுதான் பெயர்.

ஸ்டாண்டில் முந்நூற்றுப் பதினோரு வண்டிகள். எந்த வண்டிக்கு எந்த இடம் என்ற வரிசை ஒரு நோட்டில் இருந்தது. போன வருடம் அதில் ஒரு தாளைக் கிழித்து, பன்னிரண்டு பேரை யாரோ முன்னால் ஏற்றிவிட்டார்கள். அடிதடியில் ஒருவருக்கு முன்பல் போயிற்று. அடுத்த கூட்டத்தில் கணவர் எழுந்து, "என் வீட்டுக்காரி ஒண்ணு செஞ்சு தருவா. ஏத்திட்டா யாராலயும் கை வைக்க முடியாது. அதுக்கு நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன பிறகுதான் வீட்டில் கேட்டார்.

அவள் செய்தது ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட். பொது நெட்வொர்க்கில் ஏற்றிவிட்டால் அதன் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாத சின்ன புரோகிராம். வரிசைப் பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும். ஏற்றும்போது எந்தக் கணக்கை உரிமையாளர் என்று சொல்கிறோமோ, அந்தக் கணக்கின் சாவியை, அதாவது ரகசிய எண்ணை, வைத்திருப்பவர் மட்டுமே பெயரைச் சேர்க்கலாம், எடுக்கலாம். சாவி சங்கச் செயலாளரிடம் இருப்பதாக ஏற்பாடு. அவருக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருப்பார்.

ஏற்றி முடிந்ததும் நெட்வொர்க் கொடுத்த முகவரியை அவருக்கு அனுப்பினாள். அவர் அதை அப்போதே அச்சகத்துக்கு அனுப்பினார். ஆளுக்கொரு அட்டை, யார் வேண்டுமானாலும் அந்த முகவரியைப் போட்டு வரிசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மீதியிருந்தது சரிபார்ப்பு. அவள் எழுதிய மூல நிரலைப் பொதுவில் வைத்தால், ஏறியிருப்பது இதேதானா என்று அதற்கென்றிருக்கும் இணையதளம் ஒப்பிட்டுப் பச்சைக் குறி போடும். கட்டளையில் செயலாளரின் கணக்கைக் குறிப்பிட்டு அனுப்பினாள். பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரின் பதிப்பைச் சரிபார்த்து மறுபடி அனுப்பினாள். பொருந்தவில்லை. மூன்றாம் முறையும் அதே சிவப்பு.

பிறகுதான் ஏறிப்போன கான்ட்ராக்டிடமே கேட்டாள்: உன் உரிமையாளர் யார்?

எஃப், மூன்று, ஒன்பது என்று தொடங்கியது பதில்.

அந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். கற்றுக்கொள்கிறவர்கள் தங்கள் கணினிக்குள்ளேயே விளையாடிப் பார்க்க டூல்கிட் தரும் பயிற்சிக் கணக்குகளில் அது முதலாவது. அதன் சாவி பாடத்திலேயே அச்சிட்டிருக்கும்.

எப்படி நடந்தது என்பது உடனே விளங்கியது. செயலாளரின் கணக்கு எண் ஒரு தனிக் கோப்பில் இருந்தது. கறுப்புத் திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை முதலில் படிக்கவைக்க வேண்டும். காலையில் படிக்கவைத்திருந்தாள், அது ஃபியூஸோடு போயிற்று; மறுபடி படிக்கவைக்க மறந்திருந்தாள். எண் கிடைக்காவிட்டால் பயிற்சிக் கணக்கை எடுத்துக்கொள் என்று, சோதனை நாட்களில் சௌகரியத்துக்காக அவளே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். புரோகிராம் சொன்னபடி கேட்டது.

உலகத்துக்கே தெரிந்த சாவி அவளுக்கும் தெரியும். அதை வைத்தே உரிமையைச் செயலாளர் பெயருக்கு மாற்றிவிட்டால்? அதற்கு அந்தப் பயிற்சிக் கணக்கில் நெட்வொர்க் கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். தன் கணக்கிலிருந்து அனுப்பினாள். அடுத்த கட்டளையைத் தட்டுவதற்குள் இருப்பு பூஜ்யம். இரண்டாம் முறை கட்டளையை முன்கூட்டியே தட்டி வைத்துக்கொண்டு அனுப்பினாள். அப்போதும் பூஜ்யம். எவனோ ஒருவனின் புரோகிராம் அந்தக் கணக்குக்குள் உட்கார்ந்து, விழுவதையெல்லாம் விழுந்த நொடியில் எடுத்துக்கொண்டிருந்தது.

அவள் கையை மேசையிலிருந்து எடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்கு அந்தக் கதவைத்தான் கணவர் தட்டினார்.

"பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்? இந்தா பாரு, அட்டை!" மேசையில் ஒன்றை வைத்தார். "மீட்டர் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு. நாலு மணிக்கு மேடையில எல்லாருக்கும் என்னையே குடுக்கச் சொல்லிட்டாரு."

"கை கழுவிட்டு வாங்க."

"என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னாள். சாதம் பரிமாறியபடியே, அவருக்குப் புரிகிற மாதிரி. அவர் பிசைந்த கையை எடுக்காமல் கேட்டார்.

"அந்தச் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?"

"எல்லார்கிட்டயும்."

"எல்லார்னா?"

"முதல் நாள் பாடம் படிச்ச அத்தனை பேர்கிட்டயும். எந்த நாட்டுல இருந்தாலும்."

"நீ போய் முதல்ல மாத்திடேன்."

"ரெண்டு தடவை பாத்துட்டேங்க. உள்ள எவனோ இருக்கான்."

அவர் தண்ணீரைக் குடித்தார். "ஃபியூஸ் போனப்பவே நான்..."

"ஃபியூஸ் ஒண்ணும் பண்ணலை. அந்த வரியை எழுதினது நான்."

அவர் குரலைத் தாழ்த்தினார், சுவரும் கேட்கும் என்பதுபோல. "நம்ம ஸ்டாண்டுல யாருக்கு இதெல்லாம் தெரியப் போகுது? யாரு உள்ள போய்ப் பாப்பாங்க?"

"பல்லு போனவரோட மருமக இதே வேலைதான் பாக்குது. உள்ள இருக்கறவனை முந்தத் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்தாப் போதுங்க. நாளைக்கு வரிசை தலைகீழா மாறி இருக்கும். டைப்பிஸ்டும் புருஷனும் சேர்ந்து வேணும்னே திறந்து வெச்சாங்கம்பாங்க. இன்னொரு பல்லு போகும். அது யார் பல்லுன்னு தெரியாது."

"புதுசா ஏத்தினா?"

"அரை மணி வேலை. ஆனா முகவரி மாறிடும். அட்டை அத்தனையும் குப்பைக்கு."

"ஏத்திட்டா யாராலயும் மாத்த முடியாதுன்னு முந்நூறு பேர் முன்னாடி நின்னு சொன்னேனே."

"மாத்த முடியாதுங்கறது உண்மைதான். அதனாலதானே இந்தப் பாடு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போனார். அவள் செயலாளரின் எண் இருந்த கோப்பைத் திறந்து, படிக்கவைத்து, அந்தச் சௌகரிய வரியை அழித்தாள். அழித்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இன்னும் என்டரை அழுத்தவில்லை.

அவர் திரும்பி வந்து, நாற்காலி முதுகிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். ஒரு கை, இன்னொரு கை. மேலிருந்து பொத்தான்களை மெதுவாகப் போட்டார்.

"அட்டையைக் குடுக்க வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிடணும்," என்றாள். "மேடையில நான் வந்து சொல்லட்டுமா? இல்ல, நீங்க சொல்றீங்களா?"

அவர் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மேசையில் கிடந்த அட்டையை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்தார். "நீயும் வா," என்று சொல்லி, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்.