நாயாற்று முகத்துவாரத்தில் என் கை

என் மேசை இழுப்பறையில் பதினொரு வருடங்களாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குமிழ் கிடந்தது. தேசிக்காய் அளவுதான், உள்ளங்கைக்குள் அடங்கும். அடியில் முறிந்த இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிடிக்கும் கைப்பிடியின் தலை அது. மனைவி இரண்டு தடவை குப்பையில் போடப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

போர் முடிந்து சில வருடங்களின் பின், முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல் அரிப்பை அளக்கும் ஒரு திட்டத்தில் பொறியியலாளராக இருந்தேன். எங்களுக்கு ஒரு படகு தந்திருந்தார்கள். இருபத்திரண்டு அடி நீளம், முன்பக்கம் கண்ணாடி யன்னல் வைத்த சிறிய அறை, வெள்ளைப் பூச்சு. பார்க்க அழகு. அதை ஓட்டியவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிட்டோம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடத்துக்குமேல் இருந்துவிட்டு ஊர் திரும்பிய முஸ்லிம் மனிதர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். படகைக் கண்ட முதல் நாளே சிரித்தார். "இது அக்கராயன் குளத்தில விட வேண்டிய சாமான் சேர். வீட்டைத் தலையில வச்சுக்கொண்டு கடலுக்கு வந்திருக்கு."

அவர் சொன்னது விளையாட்டல்ல என்பது காற்று எழுந்த நாட்களில்தான் தெரியும். அந்த அறை காற்றைப் பாய்போல வாங்கும். எதிர் அலையில் நானா வேகத்தைக் குறைத்து, அலையைப் படகின் தோளில் சரிவாக ஏற்றுவார். நேராகக் குத்தினால் முன்புறம் எழுந்து பலகை பிளப்பதுபோல் தண்ணீரில் அடிக்கும். அதைவிடப் பயங்கரம் பின்னால் வரும் அலை. அது பின்புறத்தைத் தூக்கும், மூக்கு கீழே இறங்கும், சுக்கான் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே சுழலும். அந்தக் கணத்தில் படகு யாருடைய சொல்லையும் கேட்காது.

அன்று வாடைக்காற்று. "இண்டைக்கு வேண்டாம் சேர்" என்று நானா இரண்டு முறை சொன்னார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வரவிருந்தார்கள், செம்மலைப் பக்கத்து அளவு மட்டும் மிச்சம் இருந்தது. போவோம் என்றேன். போனோம், அளந்தோம். திரும்பும்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். கடல் பின்னாலிருந்து துரத்தியது. நாங்கள் நாயாற்று முகத்துவாரத்துக்குள் நுழைய வேண்டும். மழை வெள்ளம் உள்ளேயிருந்த உப்புநீர் ஏரியான களப்பிலிருந்து கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டமும் கடல் அலையும் மோதும் இடத்தில் தண்ணீர் சுவர்போல எழுந்து உடைந்தது.

நானா உள்ளே போகவில்லை. அலை உடையும் இடத்துக்கு வெளியே படகைத் திருப்பி, மூக்கைக் கடலுக்குக் கொடுத்து நிறுத்தினார். அந்தக் கரையில் எல்லோரும் செய்வது அதுதான். மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும், அவை போனபின் கொஞ்ச நேரம் கடல் இளகும், அதற்குள் நுழைந்துவிட வேண்டும். மூன்றும் போன பிறகு நானா வேண்டாமென்று தலையாட்டினார். இன்னும் சரியில்லையாம். மறுபடி காத்திருந்தோம். அரை மணி நேரம். யன்னல் கண்ணாடியில் உப்புநீர் அறைந்தது. அறைக்குள் இருந்தால் கவிழும்போது பெட்டிக்குள் அகப்பட்டதுபோலாகும் என்று என்னை வெளியே தன் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கரை அவ்வளவு கிட்டத்தில், அங்கே ஒருவர் சைக்கிளில் போவதுகூடத் தெரிந்தது.

"போங்கோ நானா, போவம்" என்றேன்.

"பொறுங்கோ சேர். பயத்துக்குக் கடல் வழி விடாது."

மூக்கு கரைப் பக்கம் திரும்பத் தொடங்கியது. நல்ல இடைவெளி வருகிறது என்று தயாரானார் போலும். பின்னால் இன்னொரு அலை எழுவதை அவர் கண்டு வேகத்தைக் குறைத்தார். நான் கரையை மட்டும்தான் கண்டேன். கையை நீட்டி அந்தச் சிவப்புக் குமிழைப் பிடித்து முழுவதும் முன்னே தள்ளினேன்.

படகு அலையின் முகத்தில் சறுக்கி இறங்கியது. மூக்குப் புதைந்தது, பின்புறம் சுழன்றது, பக்கவாட்டில் சரிந்தோம். நானா இரும்புக் கம்பியில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அலை எங்களை மணல் திட்டில் எறிந்தது. கரையில் நின்றவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். என் உடம்பில் கீறல்கூட இல்லை. வாகனத்தில் ஏறிய பிறகுதான் பொத்திய கையைத் திறந்தேன். உள்ளே குமிழ் இருந்தது.

அறிக்கை எழுதியது நான். படகோட்டி அலை அடங்கக் காத்திராமல் வேகத்தைக் கூட்டியதே காரணம் என்று நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நானா தோள் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். விசாரித்தவர்களிடம், "போட் என்ர பொறுப்பில இருந்தது" என்று மட்டும் சொன்னாராம். அந்தக் கரையில், படகுக்குள் யார் பிழை விட்டாலும் சுக்கான் பிடித்தவர்தான் பதில் சொல்வார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு வேலை போனது. நான் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டுப் போனேன்.

சென்ற மாதம் நாயாற்றுக்குப் போனேன். மீனவர்கள் தங்கும் ஒரு வாடியின் நிழலில் நானா வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. வழி காட்டிய இளைஞன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அவரிட்ட அவசர வேலை ஒண்டும் குடுத்திடாதேங்கோ ஐயா. மூண்டலை பொறுக்காத நானா எண்டுதான் இஞ்ச பேர்."

நானாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பழகிப்போன சிரிப்பு. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் படகு கொடுக்கவில்லை என்பதை அவர் சொல்லாமலே அறிந்துகொண்டேன்.

இளைஞன் போனதும் குமிழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"உங்களிட்டயோ இருந்தது? நான் மணலுக்க கன நாள் தேடினனான்."

"நான்தான் தள்ளினனான், நானா."

"அது எனக்குத் தெரியும்தானே சேர். நான் பக்கத்திலதானே நிண்டனான்." கொஞ்சம் தள்ளி வலைகளோடு இருந்த மீனவர்கள் பக்கம் தலையை அசைத்தார். "அவங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

ஐம்பது அடி தூரம் இருக்கும். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு அடி வைத்து நின்றுவிட்டேன். "இன்னொரு நாளைக்கு வாறன் நானா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குமிழை எடுத்துச் சட்டையில் துடைத்து என் கையில் திருப்பித் தந்தார். "அப்ப இதைக் கொண்டு போங்கோ. வரேக்க மறக்காமக் கொண்டு வாங்கோ. சும்மா சொன்னா நம்பமாட்டாங்கள்."

இப்போது அது இழுப்பறையில் இல்லை. இந்தத் தாளின் பக்கத்தில், மேசையின்மேல் இருக்கிறது. எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் போதுமென்று முதலில் நினைத்தேன். அந்தக் கரையில் இதை யார் வாசிக்கப் போகிறார்கள்? நாளைக் காலை முல்லைத்தீவு பஸ்ஸில் போகிறேன். அந்த ஐம்பது அடியையும் நடக்க வேண்டும். குமிழைக் கைக்குள் வைத்துப் பொத்திப் பார்த்தேன். அன்றுபோலவே பொருந்துகிறது.