வஞ்சிரம் என்று நான் சொன்ன மீன்

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். குழந்தைகளுக்குக் கட்டு மாற்றும்போது எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அமுக்கிப் பிடி, சீக்கிரம் முடி. பன்னிரண்டு வருடமாக அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

தர்ஷினி, கடலூர் முதுநகர்ப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண், ஏழு வயது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்.

"அண்ணே, காலை அமுக்கிப் பிடிங்க" என்றேன். அவள் அப்பா பிடித்தார். பழைய கட்டைப் பிரித்ததும் அவள் போட்ட அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. எப்படியாவது அவள் வாயை அடைக்க, சுவரில் வரைந்திருந்த மீனைக் காட்டினேன்.

"அங்க பாரு, வஞ்சிரம்!"

அலறல் நின்றது. "அய்ய, அது சீலா! வாயப் பாருங்க, எவ்ளோ கூரா இருக்கு!"

நான் பண்ருட்டிக்காரி. பலாப்பழம் தெரியும், மீன் தெரியாது. "அப்ப பக்கத்துல இருக்கறது மத்தியா?"

"ஐயோ, சங்கரா! செவப்பா இருக்குல்ல?"

அவள் என்னைத் திட்டி முடிப்பதற்குள் புண்ணைத் துடைத்துக் கட்டும் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால், அவள் அப்பா எப்போதோ கையை எடுத்திருந்தார்.

இனி எந்தப் பிள்ளையையும் அமுக்கச் சொல்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். சுவர் மீன்களின் பெயரையெல்லாம் அவள் அப்பாவிடமே கேட்டுப் படித்தேன், தப்பாகச் சொல்வதற்காக.

கடைசிக் கட்டின்போது சுறாவைக் காட்டி நெத்திலி என்றேன். தர்ஷினி சிரித்தாள்.

"சிஸ்டர், வேணும்னுதான தப்பா சொல்றீங்க?"

என் கை அப்படியே நின்றது.

"பரவால்ல, சொல்லுங்க. கட்டு இன்னும் முடியல இல்ல?"

அடுத்த மீனையும் தப்பாகவே சொன்னேன். இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசாமல், காலை மட்டும் அமுக்கச் சொல்லியிருக்கிறேன்!