குதிகால் வைத்தியம்

நான் காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் முதலில் என் வலது கால் வந்ததாம். அம்மாவுக்கு அது இரண்டு நாள் அவஸ்தை. எங்கள் ஊரான உப்புவெளியில் கரைவலை இழுக்கிறவர்களுக்கோ அது பெரிய அதிர்ஷ்டம். காலால் பிறந்த பிள்ளை ஏறி மிதித்தால் நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, விட்டுப்போகும் என்பது எங்கள் கரையில் எல்லோரும் நம்பிய வைத்தியம். ஆகவே எட்டு வயதில் நான் ஒரு முழு வைத்தியர். படிப்பு மூன்றாம் வகுப்பு, மருந்து என் இரண்டு குதிகால்கள்.

அந்த விடியற்காலைகளை இப்போதும் கனவில் காண்கிறேன். வலை ஏறி, மீன் பிரித்து முடிந்த பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக மணலில் குப்புறப் படுப்பார்கள். வெயில் இன்னும் சுடாது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நிற்கும். நான் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதுகுகளின் மேல் நடப்பேன். எல்லா முதுகிலும் ஈரமும் உப்பும். காலுக்குக் கீழே எங்கேயோ ‘மளுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே, “ஆ… விட்டுட்டுது பிள்ளை, விட்டுட்டுது!” என்று கீழிருந்து குரல் வரும். அப்பாடா, என்ன பெருமை எனக்கு! பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு முட்டை வாங்கியவளுக்குக் கரையில் அவ்வளவு மரியாதை.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, எங்களோடுதான் இருந்தார். வலை இழுக்கிறவர்களில் அவர்தான் மூத்தவர். அவர் மட்டும் ஒரு நாளும் என் காலுக்குக் கீழே படுத்ததில்லை. தன் நாரி இரும்பு என்று பீத்துவார். அந்த வருடம் ஒருநாள் வலை வளைத்துவிட்டுத் திரும்பும்போது அலை வள்ளத்தைத் தூக்கியது. மாமா தலைகுப்புற விழ, தலை மணலில் குத்தியது. எழும்பி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தார். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது கை விரல்கள் விறைக்கின்றன என்று கையை உதறிக்கொண்டே இருந்தார்.

அம்மா வேலை செய்த கெஸ்ட்ஹவுஸில் அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் தங்கியிருந்தார். தன் நாட்டில் முதுகெலும்பையும் கழுத்தையும் நெட்டி முறித்துச் சுகப்படுத்துவதுதான் அவருக்குத் தொழிலாம். அதற்கென்றே பல வருடம் படித்தவராம். அம்மா மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். என் தொழிலைச் செய்கிற இன்னொருவரைப் பார்க்கிற ஆசையில் நானும் போனேன். அந்தப் பெண் மாமாவைக் கதிரையில் இருத்தினார். விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார். விழுந்த கதையைக் கெஸ்ட்ஹவுஸ் மனேஜர் மூலமாக இரண்டு தரம் கேட்டார். பிறகு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தான் கை வைக்கமாட்டாவாம்,” என்றார் மனேஜர். “விழுந்து அடிபட்ட கழுத்து, கையும் விறைக்குது. வேற ஒருத்தரையும் தொட விடவேண்டாமாம். உடன ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்கட்டுமாம்.”

வழி முழுக்க மாமா சிரித்துக்கொண்டு வந்தார். “இவ்வளவு படிச்சும் தொடப் பயப்பிடுறா. எங்கட பிள்ளை படிக்காமலே ஏறி மிதிக்குது!”

“பகிடி விடாதைங்கோ அண்ணை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்,” என்றார் அம்மா.

“ஓம், ஓம், பாப்பம்.”

அது மீன் நன்றாகப் படுகிற காலம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வலைக்கயிறு இழுக்க ஆள் குறையும். மறுநாள் விடிய, அம்மா வேலைக்குப் போன பிறகு, மாமா மணலில் குப்புறப் படுத்தார்.

“இஞ்ச வா பிள்ளை. மாமாவுக்கும் ஒருக்கா மிதி. முதுகில இல்லை, பிடரியில.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அதெல்லாம் மற்றவர்களுக்கு, நான்தான் வைத்தியராச்சே! வெள்ளைக்காரிக்கு ஏலாததை நான் செய்யப்போகிறேன் என்று எனக்கு நெஞ்சு பொங்கியது. ஆட்கள் சுற்றி நின்றார்கள். வலது குதிகாலை மாமாவின் பிடரியில் வைத்தேன். முதுகைப் போலில்லை, அது மெத்தென்ற இடம். மெல்ல அமத்தினேன். சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினேன். மாமாவின் கால் ஒன்று மணலில் ஒரு தரம் உதறியது.

அவருடைய வலது கை மணலை இறுக்கி அள்ளியது. பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

“காணும் பிள்ளை. மெல்ல இறங்கு. சுகமாப் போச்சு.”

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் பிடித்து எழுப்ப, மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பில் அவிழப்போன சாரத்தை வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கை சும்மா தொங்கியது. அதைப் பார்த்தும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. கடலெல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தது. அன்றைக்கு நான் நிலத்தில் நடந்ததாகவே ஞாபகமில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா வீட்டில் இல்லை. வேலை விஷயமாகக் கட்டைபறிச்சானுக்குப் போயிருக்கிறார் என்றார் அம்மா. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. குசினிப் புகை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து மாமா கழுத்தில் தடித்த பட்டி ஒன்றோடு வந்தார். அந்தப் பட்டியைக் கழற்றிய பிறகும் இடது கையால் கயிறு பிடிக்க அவருக்கு முடியவில்லை. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிற வேலைக்கு மாறினார்.

வந்த முதல் காலையே அவர் கரையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இனி ஒருத்தரும் பிள்ளையிட்ட மிதிக்கச் சொல்லிக் கேக்க வேண்டாம். காலால பிறந்ததுகளுக்கு எட்டு வயசோட அந்தப் பலன் போயிடும். பழைய ஆக்கள் சொல்லியிருக்கினம்.”

மூத்தவர் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. நான் அழுத அழுகை! என் குதிகால்களைப் பார்த்துப் பார்த்து அழுதேன். சுகப்படுத்திவிட்ட பிள்ளைக்கு இப்படியா செய்வது? நன்றி கெட்ட மனிசன் என்று மனதுக்குள் ஏசினேன். ஒரு மாதம் அவரோடு கதைக்கவே இல்லை. அவர் தினமும் கச்சான் கடலை வாங்கி வந்து என் புத்தகப் பையில் வைத்துவிட்டுப் போவார். நான் கச்சானைத் தின்றுவிட்டு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாமாவின் கழுத்தெலும்பில் வெடிப்பு இருந்ததை அம்மா எனக்குச் சொன்னது இருபது வயதில்தான். சொல்லக்கூடாது என்று மாமா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். கை போனது அலையாலா, என் குதிகாலாலா என்று டொக்டர்மாருக்கே நிச்சயமில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தியிருந்தால் ஆளே இல்லை என்பதுதான் நிச்சயம். அந்த மணலில் மாமாவுக்கு உயிர் போய் வந்திருக்கிறது, ஆனாலும் அவர் கத்தவில்லை.

எட்டு வயதோடு பலன் போய்விடும் என்ற அந்தப் பழைய ஆட்களின் பேச்சைப் பற்றி உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வயதான எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். அப்படி ஒன்றை ஒருவருமே கேள்விப்பட்டதில்லை.