பவானி உடைக்காத தட்டுகள்

ரவாங் ஸ்டேஷனில் காலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பவானி இறந்துவிட்டார். மாரடைப்பு. அடுத்த நிமிடமே மேலாளரின் இரங்கல்: "மிகவும் கவனமான ஊழியரை இழந்துவிட்டோம்." கவனமானவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் மீது மட்டுமல்ல, என் மீதும்தான்.

சுங்கை வே தொழிற்சாலையில் எங்கள் வேலை, இயந்திரங்களுக்கான பீங்கான் தட்டுகளில் துளை போடுவது. எஃகைவிடக் கடினமான பீங்கான், ஆனால் பொசுக்கென்று உடையும். வைர முனை மறுபக்கம் வெளியே வரும் கடைசி நொடியில்தான் துளையின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். பதினோரு வருடம் துளை இயந்திரத்தில் நின்ற பவானி, தட்டுக்கு அடியில் மெழுகு வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுவார். முனை பீங்கானைத் தாண்டிக் கண்ணாடிக்குள் இறங்கும். பெயர்வதெல்லாம் கண்ணாடியில் பெயரும். முடியும் தறுவாயில் வேகத்தையும் வெகுவாகக் குறைத்துவிடுவார். "அவசரப்பட்டா அது நம்மள மதிக்காதுண்ணே," என்பார்.

நான் தரப் பரிசோதகன். தட்டில் மை தடவித் துடைப்பேன். விரிசல் இருந்தால் மை அங்கே நிற்கும். அவருடைய தட்டுகளில் நின்றதில்லை. "ஒன்னாச்சும் ரிஜெக்ட் பண்ணுங்கண்ணே, சும்மாவே உக்காந்திருக்கீங்க," என்று கிண்டல் செய்வார்.

போன வருடம் ஓர் அவசர ஆர்டர். கண்ணாடியை ஒட்டவும், பிறகு சூடாக்கிக் கழற்றவும் நேரம் போகிறது என்று மேலாளர் அதை நிறுத்தச் சொன்னார்.

"கண்ணாடி இல்லாம போட்டா எட்ஜ் போயிரும் பாஸ்," என்றார் பவானி. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சொன்னத செய்ங்க லா."

செய்தார். தட்டுக்குத் தட்டு மை நின்றது. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தை நான் நிரப்பும்போது மேலாளர் என் தோளருகே நின்றார். 'இயக்கியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை தப்பியது. பவானியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அவர் சண்டை போடவில்லை. "எழுதறதுக்கு முன்னால என்னய ஒரு பார்வ பாத்திருக்கலாம்ணே," என்றார். அதன்பின் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. ஒரு மாதத்தில் இயந்திரத்துக்கு மேல் புதிய செய்முறைத் தாள் ஒட்டினார்கள்: கண்ணாடி ஒட்டாமல் துளை போடக்கூடாது. கீழே மேலாளரின் பெயர்.

தகனம் முடிந்த மறுநாள் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதைச் செருகியிருந்தது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் துளையில்.

"பேக்கிங்குக்கு மாத்துன அன்னிக்கு அம்மா கொண்டாந்தது அங்கிள்," என்றாள் மகள். பிறகு கேட்டாள்: "அவங்க நெசமாவே கவனமில்லாமதான் உடைச்சாங்களா?"

"இல்லம்மா. நான் பொய் எழுதுனேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். பத்தி அணைந்ததும் துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பழக்கம். நகத்தில் எங்கும் சில்லு தட்டவில்லை.

இதை அதே வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறேன். மேலாளரும் படிக்கட்டும். போய் வாருங்கள், பவானி. அந்தக் கட்டத்தை இன்று திருத்துகிறேன், உங்களுக்கு இனி உதவாது என்று தெரிந்தே. காரணம்: மேலாளரின் உத்தரவு. பொய்க்குக் கீழே இருந்த கையெழுத்து: என்னுடையது.