கூழ் குடித்துவிட்டு எடுத்த படம்

செங்கல்பட்டில், ஸ்கேன் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார வைத்து ஒரு பாட்டிலை நீட்டினார்கள். அயோடின் மருந்து கலந்த தண்ணீர். படத்தில் குடலின் உட்புறம் வெள்ளையாகத் தெரிவதற்காகத் தருவது. கசப்பு. நீங்களும் அந்த பெஞ்சுக்குப் போகிறவரானால், மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடிக்காதீர்கள். குமட்டும்.

பல மாதங்களாகச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது அடிவயிறு முறுக்கியது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். மெத்தை விரிப்பை உதறும்போதே சுருண்டு உட்கார்ந்துவிடுவேன். ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்துப் போயின.

"வெறும் வயிறுதானேம்மா?" என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அன்று ஆடி வெள்ளி. கிளம்பும் நேரத்தில் நாத்தனார் செல்வி, கோயிலில் ஊற்றிய கூழைச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள்.

"இது சாப்பாடு இல்ல அண்ணி, அம்மனோடது. வேணான்னு சொல்லக்கூடாது."

குடித்தேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

படுக்கை மெல்ல வளையத்துக்குள் நகர்ந்தது. "மூச்சை இழுங்க. அடக்குங்க," என்றது எங்கிருந்தோ ஒரு குரல். கையில் ஏற்றிய ஊசி மருந்து வெந்நீராய் உடம்பெங்கும் ஓடியது. கண்ணை மூடினேன். கடலுக்கடியில் மல்லாந்து கிடந்தேன். மேலே, வெகு தொலைவில், வெயில் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. அங்கேயே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சிறுகுடல் முடிகிற இடத்தில் குறுகல், அதற்கு முன்னால் கட்டி போல ஒன்று என்றார்கள். புற்றுநோயாக இருக்கலாம், வெட்டி எடுக்க நேரலாம். என் மகள் பத்தாவது படிக்கிறாள். அவள் பரீட்சை எழுதுவதைப் பார்க்காமலே போய்விடுவேன் என்று பயந்தேன். அந்த நாட்களில் எது காலை, எது மாலை என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் படத்தை இன்னொரு டாக்டரம்மா பார்த்தார். "அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் என் கணவர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எதையும் மறைக்கத் தெரியாது. "கூழுதான் ஒரு சொம்பு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கூழ் சாப்பாடு இல்லையா?"

"அது பிரசாதம் மேடம்."

"இருக்கட்டும். ஆனா வெள்ளை மருந்துக்கு நடுவுல கூழோட திப்பி நின்னா கட்டியாட்டமே தெரியும். மறுபடி எடுப்போம். இந்தத் தடவை வேற மருந்து."

இரண்டாவது, மானிட்டால் (ஒருவகைச் சர்க்கரைக் கரைசல்). இனிப்பாக இருந்தது. இது குடலை விரித்து, உட்புறத்தைத் தண்ணீர் போல இருட்டாகக் காட்டும். அப்போது ஊசி மருந்தால் குடலின் சுவர் பளிச்சென்று தெரியுமாம்.

"ரெண்டுல எது மேடம் ஒசத்தி?" என்றார் கணவர்.

"அது வழியைக் காட்டும், இது சுவரைக் காட்டும். இவங்களுக்கு இப்ப சுவரைத்தான் பாக்கணும்."

என்னைக் கேட்டால் இனிப்புதான் ஒசத்தி. ஆனால் குடித்தபின் கழிப்பறையை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கட்டி இல்லை. சுவர்தான் வீங்கியிருந்தது. குழாய்க் கேமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் குடல் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரையிலேயே ஆறும் என்றார்கள். "கழிமுகத்துல மண்ணடைச்சிகினு கீது, அவ்ளோதான். தொறந்துக்கும்," என்று சொல்லிவிட்டு, கணவர் வராண்டாவில் போய் அழுதார்.

மாத்திரைகள் முடிந்தன. இந்த ஆடியிலும் செல்வி சொம்போடு வந்தாள். "இன்னிக்கு ஸ்கேன் ஒண்ணும் இல்லியே அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டினாள்.

இப்போதெல்லாம் எனக்கு மதியம் என்பது, காலையில் சாப்பிட்டது அந்தக் குறுகல் இருந்த இடத்துக்கு வந்துசேரும் நேரம். அன்று கூழைக் குடித்துவிட்டு வந்து, ஓட்டலில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் பச்சையாக அசைந்தது. கூழ் அந்த இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. யாரும் சொல்லாமலே மூச்சை அடக்கி நின்றேன்.

வலிக்கவில்லை. மூச்சை விட்டேன்.