எஸ்தர் மாற்றிக்கொடுத்த நேரம்

பள்ளி ஆசிரியையாக இருந்த என் மனைவி எஸ்தரின் பாதங்களில் செருப்பு வாரின் தடம் மாலைவரை மறையாமல் இருந்ததை வெயிலின் களைப்பு என்றே எண்ணினேன். இரண்டு மாதம் கழித்து மருத்துவர் அதற்கு வேறு பெயர் சொன்னார்: நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு (சிறுநீரகங்கள் படிப்படியாக வேலையை நிறுத்திவிடும் நிலை). அதன்பின் வாரத்தில் மூன்று நாள், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு டயாலிசிஸுக்குச் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்தல்) சென்றோம். அவளுடைய நேரம் காலை பதினொன்று.

அதே இயந்திரத்தில் அவளுக்கு முன்பு, ஆறு மணிக்கு, கோட்டைக்குப்பத்து மீனவர் முனுசாமி படுப்பார். சில நாள் வரமாட்டார். அடுத்த முறை மூச்சுத் திணறலோடு வருவார். நுரையீரலில் நீர் கோத்திருக்கும். இன்னொரு முறை தவறினால் உயிர் தங்காது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நான் ஓய்வுபெற்ற பேராசிரியன். எங்கள் கிறிஸ்தவ சபையில், விசுவாசத்தைச் செயலில் காட்டும் சாட்சியுள்ள வாழ்வைப் பற்றிப் பலமுறை பேசியவன். முனுசாமிக்காக ஜெபித்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. எஸ்தர் கேட்டாள்.

"பாடு நாளு டீச்சரம்மா" என்றார். ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை விடலாம் என்று ஊர் முறைவைத்துத் தருவதே பாடு. "விடிகாலைல வலை தூக்கணும். வுட்டா அடுத்த மொறைக்குக் காத்துக் கெடக்கணும். மிஷின் எங்க ஓடிடப் போவுது?"

"அன்னிக்கு நீ பதினொன்னுக்கு வாப்பா. உன் ஆறு மணிக்கு நான் படுத்துக்கிறேன்."

"இன்னா டீச்சரம்மா, என்னை உங்க வேதத்துல சேக்கப் பாக்குறீங்களா?"

"மொதல்ல மிஷின்ல ஒழுங்கா சேரு. வேதத்த அப்பறம் பாக்கலாம்."

செவிலியர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிகாலையில் எஸ்தருக்குக் குமட்டல் மிகும்.

"அவருக்காக ஜெபிக்கிறோமே, போதாதா?" என்றேன், திரும்பும் வழியில்.

"ஜெபிச்சுட்டுத்தாங்க நேரத்த மாத்துறேன்."

மருத்துவர் இசைந்தார். இதை வாசிக்கும் நோயாளிகள் தாமாகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லி வேறு நேரம் கேளுங்கள். ஏறக்குறைய ஓராண்டு முனுசாமி ஒருமுறையும் தவறவில்லை. அவர் மணிக்கட்டில் கோயில் கயிறு அப்படியே இருந்தது. எஸ்தர் அதைக் குறித்து ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உடலுறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை) கண்டது. ஒன்பதாம் நாள் மறைந்தாள். நேரம் மாற்றியதாலா என்று மருத்துவரைக் கேட்டேன். "இல்ல சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். முனுசாமியின் மேல் சினம் கொள்ள ஒரு காரணம் தேடினேன் என்பதை இப்போதுதான் எழுத முடிகிறது.

மூன்று மாதம் கழித்து, மீந்த மருந்துகளை ஒப்படைக்கப் பதினொரு மணியளவில் போனேன். எஸ்தர் படுத்த கட்டிலில் முனுசாமி இருந்தார்.

"இன்று பாடா?"

"இல்ல சார். டீச்சரம்மா நேரத்துக்கு இப்போ காட்டூரு அம்மா ஒண்ணு வருது. இன்னிக்கு அது மவளப் பொண்ணு பாக்க வராங்கோ. என் ஆறு மணிய அதுக்குக் குடுத்துட்டேன்."

"உங்களுக்குச் சிரமமில்லையா?"

"டீச்சரம்மா வாந்தி எடுத்துக்கினே வந்துச்சு. நமக்கு இன்னா சார்?"

அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊசி ஏற்ற நீட்டியிருந்த அவர் கையில், ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸுக்காக இரத்தநாளங்களை இணைத்த இடம்) மேல் என் விரல்கள் தாமாகப் பதிந்தன. அங்கே ஓயாத ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிடவில்லை என்று எஸ்தரின் கையில் நாள்தோறும் தொட்டுப் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

"இன்னா சார், ஓடுதா?"

"ஓடுது" என்றேன்.

கையை எடுத்த பின்னும் அந்த அதிர்வு விரல் நுனிகளில் நெடுநேரம் தங்கியிருந்தது. அது யாருடையது என்று பிரித்தறிய நான் முயலவில்லை.