ஒரு நாள் முந்திக்கொண்ட இரங்கல்

செய்தி வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காரைக்குடி வட்டார நிருபர்கள் நாங்கள் எல்லோரும் இருக்கும் குழு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், பூங்கோதையின் சிரித்த முகம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. கார்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? அந்த டெம்ப்ளேட்டைச் செய்து எங்களுக்குக் கொடுத்ததே பூங்கோதைதான். “படத்தையும் பேரையும் மட்டும் மாத்துங்கண்ணே, மத்ததெல்லாம் நான் வச்சிட்டேன்” என்று சொல்லித்தான் கொடுத்தார். மாற்றிவிட்டார்கள்.

அவரோடு பழகி அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு செய்தி சேனலில் வீடியோ எடிட்டராக இருந்தவர் பூங்கோதை. சொந்த ஊரான பள்ளத்தூருக்குத் திரும்பி வந்து, காரைக்குடியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, வேலையில் இருக்கும் நிருபர்களுக்கு வீடியோ எடுக்கவும், எடிட் செய்யவும், இணையத்தில் செய்தி போடவும் பயிற்சி கொடுத்தார். எங்களில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது அதிகம். பேனாவும் பேப்பருமாகக் காலத்தை ஓட்டியவர்களிடம், வீடியோ அனுப்ப முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆபீஸ் சொல்லியிருந்த நேரம் அது. பயத்தோடும் கடுப்போடும்தான் போய் உட்கார்ந்தோம்.

முதல் வகுப்பில் எல்லோரையும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி வீடியோ எடுத்து வரச் சொன்னார். என்னுடையதைப் பெரிய திரையில் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினார். பிறகு, “சேதுண்ணே, நீங்க எடுத்ததுல பஸ் ஸ்டாண்டு ஓடுது, பஸ்ஸு நிக்கிது” என்றார். அறையே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருப்பேன். அதற்குள் என் பக்கத்தில் வந்து நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துப் போனைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

சாவுச் செய்திக்கு மட்டும் அவரிடம் தனிக் கண்டிப்பு உண்டு. கோவிலூர் பக்கம் நடந்த ஒரு விபத்தில், ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தவரை எங்கள் குழு ஒருமுறை ‘பலி’ என்று போட்டுவிட்டது. அடுத்த வகுப்பில் கேமராவையே தொடவில்லை அவர். “செத்துட்டாருன்னு டாக்டர் சொல்லணும், இல்ல வீட்டுக்காரவுக சொல்லணும். குரூப்பு யாருண்ணே சொல்றதுக்கு?” என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். அதற்குள் மற்றவர்கள் போட்டுவிடுவார்களே என்று நண்பர் பாண்டியன் முனகினார். “போடட்டும். நீங்க வீட்டுல தகவல் சொல்லியாச்சான்னு கேட்டுட்டுப் போடுங்க” என்றார். பாண்டியன் தலையாட்டினார்.

அந்தக் கார்டை முதலில் போட்டதே பாண்டியன்தான்.

மூளையில் ரத்தக்கசிவு என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பூங்கோதையைச் சேர்த்திருந்தார்கள். நிலைமை மோசம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கார்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தம்பி முத்துக்குமாரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் கிசுகிசுத்தார்.

“அக்கா உள்ளதாண்ணே இருக்காக. மூச்சு ஓடுது. யாரு போட்டா இத? அம்மாட்ட அக்காவுக்குக் காய்ச்சல்னு மட்டுந்தாண்ணே சொல்லி வச்சிருக்கேன். ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரவுக. பள்ளத்தூர்ல தனியா இருக்காக, போன் கையிலயே இருக்கும். எப்படியாச்சும் அந்தக் கார்ட எடுக்கச் சொல்லுங்கண்ணே.”

அந்த அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, எங்கள் சேனல்களையெல்லாம் அதில் சேர்த்துவிட்டதும் பூங்கோதைதான். மகளிடம் படித்தவர்கள் போடும் வீடியோ ஒன்றுவிடாமல் பார்ப்பவர் அவர்.

பாண்டியனைப் பிடித்தேன். எங்கள் பக்கம் நிருபர்களுக்குச் செய்தி முதலில் ஆம்புலன்ஸ் டிரைவர்களிடமிருந்துதான் வரும். பூங்கோதை வீட்டில் வண்டி கேட்கிறார்கள் என்று ஒரு டிரைவர் சொல்லியிருக்கிறார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று பார்ப்பதற்காக முத்துக்குமார் கேட்ட வண்டி அது. உடலை ஊருக்குக் கொண்டுவரக் கேட்கிறார்கள் என்று பாண்டியனே முடிவுகட்டிவிட்டார். நான் கத்திய கத்தலில் அவர் அழுதுவிட்டார், கார்டையும் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் ஊரில் உள்ள அத்தனை பேரும் அதைத் தங்கள் சேனல்களில் போட்டிருந்தார்கள். குழுவில் வந்ததுதானே, யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிலர் உடனே கார்டை எடுத்தார்கள். சிலர் போனையே எடுக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். ஒருவர், “இப்ப எடுத்தா நம்ம பேருல்ல கெட்டுப்போகும்? எப்படியும் தேறாதுன்னுதான சொல்றாக?” என்று கேட்டார். அவர் சட்டையைப் பிடிக்காமல் இருந்தது பெரிய காரியம். “அவுக அம்மா பாத்தா என்னய்யா செய்வ?” என்றேன். உடனே அழித்தார். கடைசிக் கார்டு மறைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பள்ளத்தூருக்குப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று போகவில்லை.

மறுநாள் காலை முத்துக்குமாரே கூப்பிட்டார். “சேதுண்ணே, அக்கா போயிட்டாக” என்றார். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “இல்லண்ணே, நேர்ல போய்த்தான் சொல்லணும். இப்பத்தான் கிளம்புறேன்.”

செய்தியை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது. நேற்றே எல்லாரும் போட்டு எடுத்த செய்தி, இன்று உறுதியான பிறகும் ஏன் உங்களிடமிருந்து வரவில்லை என்று கேட்டார்கள். உறுதியாகவில்லை என்றேன். வாழ்க்கையில் நான் கூசாமல் சொன்ன பொய் அது. முத்துக்குமார் வீட்டுக்குள் போய்விட்டதாகத் தகவல் வந்த பிறகுதான் அனுப்பினேன்.

சாயங்காலம் துக்கத்துக்குப் போனபோது, அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“நேத்தே பாத்துட்டேன் தம்பி” என்றார். “அவ படம் போட்டு வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மகனுக்குப் போன் போட்டுக் கேக்கப் பயம். பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டாகளே, அப்ப பிள்ள நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் ரெண்டு இட்லி சாப்புட்டுப் படுத்தேன்.”

அந்தத் தாய்க்கு ஒரு ராத்திரி நிம்மதியைக் கொடுத்தேனா, ஒரே மகளை இரண்டு தடவை சாகக் கொடுக்க வைத்தேனா, எனக்கு இன்னும் தெரியவில்லை. பூங்கோதை இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

கேமராவும் எடிட்டிங்கும் நாளைக்கே மாறிப்போகும், அவர் கற்றுத் தந்ததில் பாதி எனக்கு மறந்தும் போகும். மறுபடி ஒரு சாவுச் செய்தியை அனுப்பப் போகும்போது, அவர் அம்மா சாப்பிட்ட அந்த இரண்டு இட்லி என் கையைப் பிடிக்கும். பூங்கோதை எனக்கு விட்டுப்போனது அதுதான்.